இடைச்சொல்

ஜனவரியில் நான் அண்ணனாகவும் இருந்தேன், தம்பியாகவும்.
ஈசூனில் எட்டாம் மாடி, நாலறை வீவக வீடு.
"சாகுறப்போ அம்மா எனக்குன்னுதான் சொன்னாங்க" என்றேன்.
இடைவேளைக்குப் பிறகு அதே இருக்கையில்
"அம்மாவுக்கு அப்போ பேச்சே இல்ல" என்றேன்.
வீட்டை விற்றுப் பாதியாக்கச் சொன்னது தீர்ப்பு.
அம்மாவை யாரும் பாதியாக்கவில்லை.

"நான்" என்றே சொல்லவேண்டும். அது விதி.
"இவர் சொல்கிறார்" என்று தொடங்கினால்
பதிவில் யார் வாய் என்று குழம்பிவிடும்.
பதினாறு வருடமாக, தட்டு கவிழ்த்த கூரைக்குக் கீழே
நான் வாங்காத கடன்கள், நான் போடாத கையெழுத்துகள்,
துவாஸில் சாரத்திலிருந்து விழுந்து
மரத்துப்போன ஒரு வலது கால்.

அந்தக் கால் மார்ச் மாதத்துடையது.
"எந்த அளவுக்கு மரத்திருக்கிறது?"
எதிர்த்தரப்பு கேட்டது. செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார்.
"மரம்னா மரந்தாங்க."
அதை எப்படிச் சொல்லிச் சமாளித்தேன், நினைவில்லை.

மே மாதம் ஜெகதாம்பாள்:
"இருபத்தொரு வருஷம். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."
கணவரின் வழக்கறிஞர் உடனே அடிக்கோடிட்டார், நற்சான்றாக.
அவள் சொன்னது புகார்.

ஆகஸ்டில் ஒன்றுமில்லை. கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டேன்.
இரண்டு நாள் யாராகவும் இல்லாமல்
கஞ்சி குடித்தேன்.

குணவர்மன் இந்த வருடத்து ஆளே அல்ல.
விசாரணை முடிந்து நாளாகிவிட்டது, முடிவுதான் அக்டோபரில்.
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, மோட்டார்சைக்கிள்.
"இருக்கைக்கு அடியில் என்ன இருந்தது, தெரியுமா?"
அரசாங்கத் தரப்பாக நான்தான் கேட்டேன்.
"தெரிஞ்சுது" என்றான்.

தமிழில் கண்ணுக்கும் தெரியும், மனசுக்கும் தெரியும்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வாசல்.
அரை நொடி.
ஒன்றைத் திறந்தேன்.

இரவெல்லாம் அந்தச் சொல் பாயைச் சுருட்டவில்லை.
காலையில் எழுந்து நின்று, அனுமதி கேட்டு,
மற்ற வாசலையும் காட்டினேன். நீதிபதி எழுதிக்கொண்டார்.
அவனை மறுபடி கேட்டார்கள்.
"ஏதோ ஒரு நீல ஓரம் தெரிஞ்சுதுங்க. அவ்வளவுதான்."
ஓர் இரவு முழுக்க யோசித்து
மாற்றிக்கொண்டான் என்றது அரசாங்கத் தரப்பு.
யோசித்து மாற்றிக்கொண்டது நான்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஐம்பத்தெட்டுப் பக்கம்.
முப்பத்தோராம் அடிக்குறிப்பில் நான் இருக்கிறேன்,
பெயரில்லை, "மொழிபெயர்ப்பாளர்" என்று.
பக்கம் புரட்டுகிறவர்கள் அங்கே நிற்கமாட்டார்கள்.
நான் நின்றேன்.

கண்ணாடிக்கு இந்தப்பக்கம் குனிந்து சொன்னேன்:
"மேல்முறையீடு தள்ளுபடி."
பேருந்து எண் கேட்டுக்கொண்டவனைப்போல
தலையாட்டினான்.

வெளியே நடைவழியில் அவன் அக்கா தவமணி.
ஸ்கூடாயிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தவள்,
கையில் பிரிக்காத டிஷ்யூ பொட்டலம்.
"தள்ளுபடின்னா, எத்தனை வருஷம்
தள்ளியிருக்காங்க?"

வருஷக் கணக்கில் வரும் தண்டனை அல்ல அது.
"வக்கீல் வருவார், அவரைக் கேளுங்க" என்பது விதி.
"நான்" என்று தொடங்கினேன்.
பின்னால் வந்து நிற்க
யாருடைய வாக்கியமும் இல்லை.
மின்தூக்கி திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.
அவள் டிஷ்யூவைப் பிரித்து
ஒன்றை எனக்கு நீட்டினாள்.

மாலை சிராங்கூன் சாலை. தீபாவளி விளக்குகள்.
சேலைக்கடை வாசலில் அதே சொல்,
மஞ்சள் துணியில், என் உயரத்துக்கு மேல்,
ஐம்பது விழுக்காடு வரை.
"உள்ள வந்து பாருங்கக்கா" என்றாள் ஒரு பெண்.
போகவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.
கூட்டம் என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.
வலது கால் மரத்திருந்தது.