இணைப்பு: ஒன்று

துலூத்தில் ஏரி உறைந்த வாரம்
கடிதம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.
மணிக்குப் பதினேழு டாலர்.
நாய்த் தீனி வழக்கு:
பையின் மேல் துள்ளும் சால்மன், தானியம் இல்லை என்ற வாக்கு;
பைக்குள் உடைத்த சோளமும் கோழி இறகுத் தூளும்.

ஆறு லட்சம் பேர் வடம் பிடித்த தேர்.
நிலைக்கு வந்து சேர்ந்ததும்
வக்கீல்களுக்கு மூன்றில் ஒரு பங்கு.
தபாலுக்கு, விளம்பரத்துக்கு, எங்கள் சம்பளத்துக்கு இன்னொன்று.
வடம் பிடித்த கைகளில்
ஆளுக்கொரு நார்.
ரசீது இல்லாதவருக்கு இரண்டு பை வரைதான் கணக்கு:
பதினொரு டாலர் அறுபது சென்ட்.

நாயே வளர்க்காதவர்களும் கேட்டிருந்தார்கள்.
ஒரே விலாசத்தில் நாற்பது நாய்கள்.
அந்தப் படிவங்களில்தான்
ஒரு பிழைகூட இருப்பதில்லை.

தெற்கு டகோட்டாவிலிருந்து ஆர்வில் ஷெட்டர்
பென்சிலால் நிரப்பியிருந்தார்.
எத்தனை பை? ஒன்பது வருடம், மாதம் ஒன்று.
ரசீது? அதை யார் வைத்திருப்பார்கள்.
உறையை உதறியபோது மேசையில் விழுந்தது
ஒரு கழுத்துப்பட்டை.
தகர வில்லையில் பெயர், ஹேஸல்.
கொக்கியில் சிக்கிய நாலைந்து செம்மயிர்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"இது ஆதாரம் இல்லை" என்றாள் சிக்ரிட், என் மேற்பார்வையாளர்.
"ஸ்கேன் பண்ணிவிட்டு அழிப்புப் பெட்டியில் போடு."
ஸ்கேன் செய்தேன்.
கண்ணாடிக்கடியில் ஒளி ஊர்ந்துபோனது,
கழுத்தில்லாத வட்டத்தைக் கடந்து.

நியாயமா என்று கேட்டால்
வழக்கு இல்லாவிட்டால் அந்த நாரும் இல்லை.
இப்போது பையில் சால்மன் துள்ளுவதில்லை.
சோளம் என்று எழுதியிருக்கிறார்கள்,
பொடி எழுத்தில், ஆனாலும் எழுதியிருக்கிறார்கள்.
நிறுவனம் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை,
இது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கம்.
எனக்குத் தெரியவில்லை.
மணிக்குப் பதினேழு டாலர்.

மார்ச்சில் அவருடைய காசோலை திரும்பி வந்தது.
பின்பக்கத்தில் அதே பென்சில்:
இது வேண்டாம். பட்டையைத் தாருங்கள்.

அனுப்பிய எதுவும் திருப்பித் தரப்படாது,
விதி ஒன்பது.
என் இழுப்பறையைத் திறந்தேன்.

மதிய இடைவேளையில் தபால் நிலையம்.
குமிழ் உறை, பதிவுத் தபால்,
பதினான்கு டாலர் பத்து சென்ட்.
ரசீது வேண்டுமா என்றாள் கவுண்டரில் இருந்தவள்.
வேண்டும் என்றேன்.