அவசியமானவை மட்டும்

ஃபஹாஹீலில் எங்கள் அறையில்
ஆறு பேருக்கு ஒரு லேப்டாப்.
ஆளுக்குப் பதினொரு தினார் போட்டு
பழைய சாமான் சந்தையில் வாங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம்
கோவில்பட்டியில் மழையா என்று பார்க்கத் திறந்தேன்.
மழைச் செய்திக்குப் பக்கத்தில்
ஒரு காதுக் கருவி.
தோல் நிறம். பட்டாணி அளவு.
ஒற்றைக் காதுக்குத் தனி விலை.

கிரிக்கெட் ஸ்கோருக்குப் போனேன், அங்கேயும் அது.
தங்க விலைக்குக் கீழேயும்
வட்டிக்காரன் மாதிரி
எனக்கு முன்னாலேயே வந்து நின்றது.

எங்களில் மூத்தவனுக்கே நாற்பத்தொன்று.
யார் தேடியிருப்பான்?

நான் ஸ்டோர் கீப்பர்,
கேட் பாஸ் சங்கதி எனக்குத் தெரியும்.
காலையில் செக்யூரிட்டி ஓர் அட்டை தருவான்,
அதைக் காட்டினால் மறுபடி பெயர் கேட்க மாட்டார்கள்.
குக்கீயும் அவ்வளவுதான்,
அட்டையோடு நின்றுவிட்டால்.
நிற்பதில்லை.
உள்ளே நுழையும்போதே முன்பின் தெரியாத ஆட்கள்
முதுகில் இன்னொரு சீட்டை ஒட்டிவிடுகிறார்கள்.
சலூன், டீக்கடை, மருந்துக்கடை,
போகிற இடமெல்லாம் அவர்கள் ஆள் நின்று
முதுகைப் படித்துக் குறித்துக்கொள்கிறான்.

சம்மதிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வந்த விரலுக்கு
பெரிய பச்சைப் பட்டன்தான் எட்டும்:
'எல்லாவற்றையும் ஏற்கிறேன்.'
'அவசியமானவை மட்டும்' என்பதைச்
சாம்பல் மேல் சாம்பலாக எழுதி
மூன்று கதவு தள்ளி வைத்திருப்பார்கள்.

அப்போதுதான் தவசிமுத்து ஞாபகம் வந்தது.
ஒன்பது வருடமாகக் கம்ப்ரஸர் அறை.
கூப்பிட்டால் திரும்ப மாட்டான்,
திமிர் என்றோம்.
குபூஸ் வாங்கி வரச் சொன்னதற்குப்
பதில் சொல்லாமல் போனான் என்று
நைனா முகம்மது மூன்று நாள் பேசவில்லை.
போனை எப்போதும் வலக் காதில் வைப்பான்.

நாளைக்கு சூப்பர்வைசர் கில்பர்ட்
இதே லேப்டாப்பை இரவல் கேட்டிருக்கிறார்,
மகளின் மார்க் பார்க்க.
அடுத்த மாதம் கம்பெனி மெடிக்கல்.
சொல்வதும் சொல்லாததும் தவசியின் பாடு.
ஒரு விளம்பரம் முந்திக்கொள்ளக் கூடாது.

அமைப்புகளுக்குள் போனேன்.
பட்டியல் விரிந்தது, நாங்கள் போகவே போகாத
முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள்.
எங்கள் அறைக்கு ஓனர் கூட
இத்தனை முறை வந்ததில்லை.
எல்லாவற்றையும் அழித்தேன்.
வெளியார் குக்கீகளைத் தடு என்று
ஒரு சின்னப் பொத்தானை நகர்த்தினேன்.

சாயந்திரம் அறையில் ரகளை.
நைனாவின் மெயில் பாஸ்வேர்டு கேட்டது,
அவனுக்கு அது நான்கு வருடமாகத் தெரியாது.
இளஞ்செழியன் தங்கைக்காகச் சேர்த்து வைத்திருந்த
புடவைக் கூடை காலி.
"எவன்டா கை வச்சது?"
தெரியாமல் பட்டுடுச்சு என்றேன்.
திட்டு வாங்கினேன். தவசிமுத்துவும் திட்டினான்,
சற்று தாமதமாக, மற்றவர் வாயைப் பார்த்துவிட்டு.

இரவு மழைச் செய்தியை மறுபடி திறந்தேன்.
பக்கத்தில் ஒரு பாய்மரப் படகு விற்பனைக்கு இருந்தது.
இன்னொரு பக்கத்தில்
எழுநூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபம்,
அதற்குக் கீழே பருந்துக்குத் தலைக்கவசம்.
எங்களை யாரென்று தெரியாமல்
திகைத்துப்போயிருந்தது அது.
ரொம்ப நாளைக்குப் பிறகு
கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

நீடிக்காது, தெரியும்.
யாராவது ஒருவன் களைப்பில்
பச்சையை அமுக்குவான்.

சுலைமானியோடு தவசி வந்தான்.
நான் எழுந்து
அவனுக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.
கோவில்பட்டியில் மழை என்றேன்.
"எவ்வளவு?" என்றான் உடனே.