40755

ஜெகதேவி சாலை எடைமேடையில்
இரவு இரண்டே காலுக்கு ஏறி நின்றது
கறுப்புக் கல் ஒன்றைச் சங்கிலியில் பிணைத்த லாரி.
சிவப்பு இலக்கங்கள் கொஞ்சம் தடுமாறி
ஓரிடத்தில் உட்கார்ந்தன:
நாற்பதாயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்து.

எனக்குத் தூக்கம் போயிற்று.

இந்த எண்ணைத் தெரியும்.
எண்ணியல் தாளில் இரண்டு முறை தோற்றவன் நான்.
பரீட்சைக்கு வராத பக்கத்தில் இருந்தது இது.
ஒன்று, அதன்கீழ் இரண்டு, அதன்கீழ் மூன்று என்று
இருநூற்று எண்பத்தைந்து வரிசை ஜல்லியை அடுக்கினால்
மிச்சமில்லாமல் ஒரு முக்கோணம்.
கலைத்து அடுக்கினால் ஐங்கோணம்.
மறுபடி கலைத்தால் அறுகோணம்.
மூன்று ரேஷன் கார்டிலும் பேர் உள்ள ஆள்.
ஒன்றாம் எண்ணை விட்டால்
இதற்கு முன்னால் இப்படி எவனும் இல்லை.
அடுத்தவன் நூற்றைம்பத்து மூன்று கோடிக்கு அந்தப் பக்கம்.
அவனைப் பார்க்க வேண்டுமென்றால்
எதிரே இருட்டில் நிற்கிற குன்றை
வேரோடு பிடுங்கி மேடையில் வைக்க வேண்டும்.
அதில் கால்வாசி ஏற்கெனவே துறைமுகம் போய்விட்டது.

சென்றாயன் ஜன்னலில் தலையை நுழைத்தார்.
பீடி வாசம், டீசல் வாசம்.
"நாப்பதாயிரத்து ஐநூறுன்னு போட்டுடுப்பா.
மிச்சம் என்னா, அஞ்சு மூட்டை சிமெண்ட்டு."

நாற்பதாயிரத்து ஐந்நூறு.
இரண்டு, மூன்று, ஐந்து என்று
திரும்பத் திரும்ப உடைந்து
கேட்டவனுக்கெல்லாம் பங்கு வைக்கிற எண்.
தன்னை விட்டுக் காரணிகளைக் கூட்டினால்
தன்னைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.
மிகைவெண்.
இதுவோ
மூன்று, ஐந்து, பதினொன்று, பதின்மூன்று, பத்தொன்பது
ஐந்து பகா எண்களும் ஒரே ஒரு தரம் கைகோத்து வந்தது.
முப்பத்தொரு காரணிகளையும் கூட்டிப் பார்த்தாலும்
எண்ணூற்று எழுபது துண்டு விழுகிறது.
பாரம் கூடின வண்டி,
எண் குறைவெண்.

வாய் தவறி அவரிடமே சொல்லிவிட்டேன்.
கண்ணைச் சுருக்கிக் கேட்டார்.
"கொறைவுன்னு நீயே சொல்றே.
அதையே சீட்டுல அடிச்சுக் குடேன்."

சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.
மேஜையில் முதலாளியின் அழைப்பு
அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.
நான் எடுக்கவில்லை.
பிரிண்டர் கறகறவென்று
ஐந்து இலக்கத்தையும் இருக்கிறபடி அடித்தது.

கோபப்படவில்லை சென்றாயன்.
சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
செக்போஸ்டில் அஞ்சு மணிக்கு ஆள் மாறுமாம்,
அதுவரை பர்கூர் தாண்டி
புளியமரத்தடியில் படுத்திருப்பாராம்.
காலையில் எனக்கு வேலை இருக்குமா
என்று அவரும் கேட்கவில்லை.

லாரி இறங்கிப் போன பிறகும்
பூஜ்யத்துக்கு வரவில்லை கருவி.
பதினைந்து காட்டியது.
டயர் விட்டுப்போன சேறு.
பதினைந்து, முக்கோணம்.
அறுகோணமும் உண்டு.
ஐங்கோணம் மட்டும்
விரல் விட்டு எண்ணினேன், இல்லை.

மண்வெட்டியைத் தேடி வெளியே போனேன்.