நூறு மைக்ரோவோல்ட்

மார்க்கம், பெப்ரவரி. ஈமச்சாலையின் வாகனத் தரிப்பிடம்.
உள்ளே பத்துப் பேர்தான், அது வேறொரு சட்டம்.
மற்றவர்கள் காருக்குள், 88.3இல்.

என் சட்டம் இது:
முப்பது மீட்டர் தள்ளி அளந்தால்
மீட்டருக்கு நூறு மைக்ரோவோல்ட். மேலே கூடாது.
உரிமம் இல்லாதவனுக்கு அவ்வளவுதான் வானம்.

வேலியோரம், பனிக்குவியலுக்கு அப்பால்
ஒரு பழைய கொரோலா.
புவனேந்திரன். அக்காவோடு பதினொரு வருசம் பேசாதவர்.
தேவாரம் அங்கே போய்ச் சேரவில்லை.
கண்ணாடியை இறக்கி, காதைத் தொட்டுக் கையை விரித்தார்.
வெறும் இரைச்சல்.

பெட்டியின் முதுகில் ஒரு திருகு உண்டு.
நகத்தாலேயே திருப்பலாம்.
திருப்பவில்லை.
சட்டம் அலையின் பலத்தைத்தான் சொல்கிறது,
பெட்டி நிற்கவேண்டிய இடத்தை அல்ல.
பற்றரியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு
ஒலிக்கம்பியின் கடைசி முழம் வரை
பனியில் நடந்தேன்.

பாதி வழியிலேயே
கொரோலாவுக்குள் ஓதுவாரின் குரல் ஏறியிருக்க வேண்டும்.
அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார்.

எனக்குப் பின்னால்
முதல் வரிசைக் கார்களில் இரைச்சல் தொடங்கியிருக்கும்.
ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.