பத்து நிமிட வெளிச்சம்

ஜுபைல். இரண்டாம் சுற்று.
கோப்பையின் பெயர் நீளம்.
கிழக்கு மாகாணச் சிறு அணிகளுக்கான என்று தொடங்கி
ஒரு சிமெண்ட் கம்பெனியில் போய் முடியும்.
நாங்கள் ஏழு பேர், மாற்று இரண்டு,
ஒரே ஒரு ஜோடி கோலிக் கையுறை.
அது என்னுடையது.

எதிரே நேபாளத்துச் சமையற்கூட அணி.
ஒன்றுக்கு ஒன்று.
எங்கள் ஒன்றை நெய்னா அடித்தான்,
இரவு ஷிப்டுக்கு ஆள் மாற்றிவிட்டு வந்து.
அதற்கு அவன் இரண்டு வெள்ளிக்கிழமை கடன்.

பெனால்டியிலும் நாலுக்கு நாலு.
ஆறாவதை லூர்தையன் கம்பத்தில் அடித்தார்.
இனி அவர்கள் போட்டால் முடிந்தது.
புஷ்கர் பந்தை வைத்தான், நான் கைகளை விரித்தேன்,
பன்னிரண்டு மணி.
யாரையும் கேட்காமல் விளக்குகள் அணைந்தன.

தூரத்தில் ஆலையின் தீநாக்கு மட்டும்.
அது யார் ஜெயித்தாலும் எரிவது.

மைதானக் காவல் ஷொஹிதுல் சாவியோடு வந்தான்:
"பத்து நிமிடம், அறுபது ரியால்.
எனக்கில்லை பாய், முதலாளி கணக்கு."

இடது கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன், உண்டியலாக.
அது இரண்டு அணிக்கும் சுற்றி வந்தது.
சில்லறையாக விழுந்தது, ஐந்தாக விழுந்தது.
காலுறைக்குள்ளிருந்து பத்து ரியால் எடுத்து
வியர்வையோடு போட்டான்,
என்னைத் தோற்கடிக்கப் போகிற புஷ்கர்.
மூன்று குறைந்தது. நடுவர் போட்டார்.

அந்த விளக்குகள் உடனே எரிவதில்லை.
முதலில் கத்தரிப்பூ நிறம்,
பிறகு நோயாளியின் வெளுப்பு.
பிறகுதான் முகங்கள்.
அதிலேயே மூன்று நிமிடம் போயிற்று.

அவன் ஓடி வந்தான்.
நான் வலப்பக்கம் பாய்ந்தேன்.
பந்து நடுவில் போனது,
சற்று முன்பு வரை நான் நின்றிருந்த இடத்துக்கு.

அவ்வளவுதான். கை குலுக்கினோம்.
பையைத் தூக்கும்போது லூர்தையன் மணி பார்த்தார்:
"இன்னும் ஆறு நிமிசம் கெடக்கு மக்கா.
காசு குடுத்ததாக்கும்."

யாரும் அணி பிரிக்கவில்லை.
பதினெட்டுப் பேர், நடுவரும் ஒரு பந்தும்.
கோலில் ஷொஹிதுல், லுங்கியை மடித்துக் கட்டி.
நான் வாழ்க்கையில் முதல்முறை
இடது ஓரமாக ஓடினேன்.
புஷ்கர் கொடுத்தான்,
நான் வேலிக்கு வெளியே அடித்தேன்.
எடுக்கப் போகும்போது அணைந்தது.

நாலரைக்கு பஸ்.
முகாமில் கையுறையை உதறினேன்.
சுண்டுவிரலுக்குள் மாட்டியிருந்தது
எண்ணும்போது தப்பிய ஓர் அரை ரியால்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஐந்து விநாடி.