களுவு

கார்த்திகையில் இருந்து மாசி வரை
ஓல்ட்டனில் வெயில் இல்லை.
ஆரே ஆற்றுப் புகார் ஊரை மூடிக் கிடந்தவரை
ஹெர் லூஷரின் கறுப்பு வோல்வோ
ஒரு குறையும் இல்லாத கார்.

பங்குனியில் ஒருநாள் சூரியன் வந்தது.
அன்று பின்னேரமே என் கதவைத் தட்டினார்.
"நேற்று இது இருக்கவில்லை."
நேற்றும் இருந்தது.
வெளிச்சம்தான் இருக்கவில்லை.

"யார் கீறினது?"
நீங்கள்தான்.
சனிக்கிழமை தவறாமல், அதே வாளி, அதே பஞ்சு,
கழுவிக் கழுவி.
இதை டொய்ச்சில் மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.
முந்நூற்றைம்பது பிராங் என்றேன்.

உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அட்டவணை ஒட்டுகிறவர்,
இரவு பத்துக்குப் பிறகு குளித்தால் கடிதம் போடுகிறவர்,
தலையாட்டினார்.

நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் மெஷின் போடக்கூடாது
என்பதும் அவருடைய சட்டம்.
அவருடைய கார், ஆகவே இன்றைக்கு இல்லை.
ஆனாலும் பன்னிரண்டில் இருந்து ஒன்றுவரை நிறுத்து என்றார்.

களிக்கட்டியால் உரசி,
ரப்பர் ஓரங்களுக்கு நீல டேப் ஒட்டி,
விளக்கைச் சரித்துப் பிடித்தேன்.

சிலந்தி வலை என்பார்கள்.
வலை ஒன்றும் இல்லை.
கீறல்கள் தாறுமாறாய்த்தான் கிடக்கின்றன,
விளக்கு போகும் இடத்தில்
விளக்கைச் சுற்றி எழும்பி
வட்டமாய் நிற்கின்றன.
விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூட வருகிறது.
பதினொரு வருசமாய் இந்த வேலை.
இன்னும் ஒருதரம் நகர்த்திப் பார்ப்பேன்.

அப்போதுதான், பொனட்டில், இடப் பக்கம்,
வட்டத்துக்குள் அடங்காத கோடுகள்.
விரல் தடிப்பு.
சுழி. கொம்பு. இன்னொரு சுழி.

களுவு.

இந்தக் கட்டடத்தில் பதினான்கு வீடு.
தமிழ் எழுதத் தெரிந்த வீடு ஒன்று.

போன மாதம் சகாராத் தூசி விழுந்த கிழமை
காரெல்லாம் மஞ்சளாய் நின்றதே,
அன்றைக்கு என் மகன் சேயோன்
பள்ளிக்கூடப் பையோடு இந்த வழியால் வந்திருக்கிறான்.
வீட்டில் ஒரு வரி எழுது என்றால்
வயிற்றுவலி வருகிற பிள்ளை,
ஒருவரும் கேளாமல்,
அட்டவணை ஒட்டுகிறவரின் பொனட்டில்,
கட்டளையாய்.

சிரிப்பை அடக்க மெஷினைப் போட்டேன்.

உடனே நிறுத்தினேன்.
ளு.
வீட்டில் நாங்கள் கதைக்கும்போது
ளவும் ழவும் ஒன்றுதான்.
அவன் கேட்டதை எழுதியிருக்கிறான்.
பிழை என் வாயில் இருந்து போயிருக்கிறது.

நாலு பயறளவு மருந்து.
நெடுக்காய் ஒருதரம், குறுக்காய் ஒருதரம்,
கை அவசரப்படாமல்.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால்தான் உண்மை தெரியும்,
எண்ணெய் கீறலை நிரப்பிக்கொண்டு
போய்விட்டதுபோல் நடிக்கும்.

க போயிருந்தது.
இரண்டு வுவும் போயிருந்தன என்று எண்ணிப் பார்த்தால்
வு ஒன்றுதான்.
ளு அப்படியே இருந்தது.

மற்ற எழுத்துகளை ஒரே இழுவையில் எழுதியிருக்கிறான்.
இதில் மட்டும் விரல் நின்றிருக்கிறது.
இதுவா அதுவா என்று
தூசியை அழுத்திக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது.

பன்னிரண்டு அடித்தது. நிறுத்தினேன்.
ஒரு மணிநேரம் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒன்றுக்கு, கரடான தட்டை மாற்றி,
அந்த இடத்துக்கு மட்டும்
இன்னும் மூன்று தரம்.

பின்னேரம் ஹெர் லூஷர் வந்து
வாசலில் காரை வெயிலுக்கு எடுத்து
குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.
தன் முகத்தையும் மேலே பால்கனிகளையும் தவிர
அவர் ஒன்றும் காணவில்லை.
பத்து பிராங் கூடத் தந்தார்.

அளக்கும் கருவியை நான் அதற்கு முன்பே வைத்துப் பார்த்திருந்தேன்.
பொனட் முழுக்க நூற்றுப் பன்னிரண்டு மைக்ரோன்.
ஓர் இடத்தில் நூற்றியாறு.