எத்தனை நாள்

பாபு ராவ் தெரு லாட்ஜில்
பதினோரு வருஷம் நான் கேட்ட கேள்வி
எத்தனை நாள் தங்குவீங்க?
பெங்காலியில் கேட்பேன், இந்தியில், அரைகுறை அசாமியில்.
டாக்டர் சொல்லணும் என்பார்கள்,
எக்ஸ்ரே உறை மடியில் வெயில் காய.

பழைய பில்களின் முதுகில் அவர்களை வரைந்தேன்.
அறை எண் பதினாலில்
சமைக்கக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே
மீன் பொரிக்கிறாள் சுப்ரதோவின் மனைவி.
ஊருக்குத் தனியாகத் திரும்பியபோது
அவர் அதைக் கேட்டு வாங்கி
ரிப்போர்ட்டுகளோடு சேர்க்காமல்
சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.
அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்.

படம் போடவா அவ்ளோ தூரம்
என்றபடி நசீர் பாய் கணக்கு முடித்தார்.
காட்பாடியில் வண்டி கிளம்பும் நேரம் ஓடி வந்து
ஆம்பூர் ஷூ ஒரு ஜோடி ஜன்னல் வழியே திணித்தார்.
அரை சைஸ் சின்னது.

இஸ்தான்புல்லில் ஒன்பது நாள். பிறகு பஸ், பஸ், பஸ்.
குலுக்கலில் கோணிய கோடுகளை
அப்படியே விட்டுவிடக் கற்றுக்கொண்டேன்.

லிஸ்பனில் மழை.
மேஜைக்கு அந்தப் பக்கத்துப் பெண்
நிமிராமல் கேட்டாள், எத்தனை நாள்?
டாக்டர் சொல்லணும்
என்றுதான் வாயில் வந்தது, தமிழில்.
பில்லைக் கிழித்து நீட்டினாள்.
வளையத்தை ஆட்டி, ஷாவ் என்றாள்.
சாவி என்றேன்.
ஷாவ், என்று திருத்தினாள்.
சாவிதாங்க.

மூன்று மாடி. ஷூ கடித்தது.
பூட்டு ஒரு தரம் திணறியது.
விளக்கைப் போடும் முன்பே பில்லைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.